குடல் அழற்சி நோய்: மரபும் மருத்துவமும்

(மகாவீரர் ஜெயந்தி விழாவின் மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். மருத்துவம் பயின்றவள் அல்லேன். என்றாலும், இவ்வாண்டு இந்த மேடையில் இலக்கியத்தை விடுத்து ஒரு நோயைப் பற்றிப் பேச விழாக் குழுவினரிடம் அனுமதி கேட்டுப் பெற்றேன். எங்கள் குடும்பத்தில் அந்த நோய் இருபத்தைந்து ஆண்டுகளாகக் குடியிருக்கிறது. அதனைப் பற்றி நான் படித்தவையும், நான் செய்த ஒரு பிழையும் பிறருக்குப் பயன்படக்கூடும் என்று கருதினேன். தமிழாசிரியைக்கு இந்தப் பொருளில் என்ன உரிமை என்று யாரேனும் கேட்டால், சிறுபஞ்சமூலம், ஏலாதி என்று மருந்துகளின் பெயரையே அறநூல்களுக்குச் சூட்டிய சமணச் சான்றோர் மரபில் வந்தவள் என்பதை மட்டும் விடையாகச் சொல்லிக்கொள்கிறேன்.

என் தம்பி மகளுக்கு அப்போது பதினேழு வயது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். நாளுக்கு ஏழெட்டு முறை வயிற்றுப் போக்கு, அதில் இரத்தமும் சளியும் கலந்திருந்தன. பெண்பிள்ளை, வெட்கத்தால் எட்டு மாதங்கள் யாரிடமும் சொல்லவில்லை. தெரிந்தபின் வீட்டில் மூலம் என்று எண்ணினோம். பிறகு சீதபேதி என்று எண்ணினோம். கைம்மருந்துகள் பல கொடுத்தோம். இரத்தச்சோகை முற்றி, பள்ளி மாடிப்படியில் அவள் மயங்கி விழுந்த பிறகே பெரிய மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். அங்கே பெருங்குடலைக் குழாய்க் கருவியால் பார்க்கும் கொலோனாஸ்கோப்பிப் பரிசோதனை செய்து, திசு எடுத்து ஆராய்ந்து, நோய்க்குப் பெயர் சொன்னார்கள். அப்பெயரை நாங்கள் அதுவரை கேட்டதே இல்லை.

நோயின் இரு வடிவங்கள்

குடல் அழற்சி நோய் என்பது பொதுப்பெயர். அதனுள் முதன்மையானவை இரண்டு. ஒன்று அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்னும் பெருங்குடல் புண் அழற்சி. மலக்குடலில் தொடங்கி, மேல்நோக்கிப் பெருங்குடலில் மட்டும் இடைவிடாமல் பரவும் இது, குடலின் உட்படலத்தைப் புண்ணாக்கும். மற்றொன்று கிரோன் நோய். வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரக்கூடியது. பெரும்பாலும் சிறுகுடலின் கடைப்பகுதியைப் பற்றும். இடையிடையே நல்ல பகுதிகளை விட்டுவிட்டுத் தாக்கும். குடற்சுவர் முழுவதையும் ஊடுருவி, குடலைச் சுருக்கும். சிலருக்குப் புரையோடிய துளைகளையும் உண்டாக்கும்.

மலத்தில் இரத்தம், வாரக்கணக்கில் நீளும் வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி, எடைக் குறைவு, விட்டுவிட்டு வரும் காய்ச்சல், வளரும் பிள்ளைகளுக்கு வளர்ச்சி தடைப்படல் ஆகியவை அறிகுறிகள். மூட்டு, கண், தோல் ஆகியவற்றிலும் அழற்சி தோன்றலாம். மனக்கவலையால் பலருக்கு வரும் சாதாரணக் குடல் எரிச்சல் வேறு, இந்நோய் வேறு. முன்னதில் குடலில் புண் இராது, இதில் உண்டு. இரவில் உறக்கத்தைக் கலைக்கும் வயிற்றுப்போக்கும், மலத்தில் கலந்த இரத்தமும் ஒருபோதும் அலட்சியம் செய்யத் தக்கவை அல்ல.

பெருங்குடல் புண் அழற்சியை 1859-இல் லண்டன் மருத்துவர் சாமுவேல் வில்க்ஸ் எழுதி வைத்தார். குடலின் மற்றொரு வகை அழற்சியை 1913-இல் ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் டால்ஸியேல் விவரித்தார். நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த பர்ரில் கிரோன், லியோன் கின்ஸ்பர்க், கோர்டன் ஒப்பன்ஹைமர் ஆகிய மூவரும் 1932-இல் பதினான்கு நோயாளிகளின் வரலாற்றை வெளியிட்டனர். அகர வரிசைப்படி கிரோன் பெயர் முதலில் நின்றதால் நோய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

மேலை நாட்டார் நோய் என்றே நெடுங்காலம் இதனைக் கருதினர். அக்கருத்தை நம்மவர் ஆய்வே மாற்றியது. பஞ்சாபின் லூதியானா மருத்துவர்கள் வீடு வீடாகச் சென்று 51,910 பேரிடம் கணக்கெடுத்து, 23 பேருக்குப் பெருங்குடல் புண் அழற்சி இருப்பதைக் கண்டு 2003-இல் வெளியிட்டார்கள். இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 44 பேர் என்பது அதன் பொருள். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரப் பகுதியில் குடியேறிய தெற்காசியரை ஆராய்ந்தபோது, அவர்களிடம் இந்நோய் புதிதாகத் தோன்றும் அளவு அங்குள்ள ஐரோப்பியரைப் போல ஏறத்தாழ இரு மடங்கு இருந்தது. மரபணு ஒரு தலைமுறையில் மாறிவிடுவதில்லை. மாறியது வாழிடமும் வாழ்முறையும்தான். எனவே இந்நோயில் மரபுக்கும் சூழலுக்கும் பங்கு உண்டு என்பது தெளிவாயிற்று.

மரபணு ஆய்வின் வரலாறு

"எங்கள் வம்சத்தில் யாருக்கும் இல்லையே, இவளுக்கு மட்டும் எப்படி வந்தது?" என்று என் தம்பி மனைவி மருத்துவரிடம் அழுதாள். அக்கேள்விக்கு விஞ்ஞானிகள் தேடிய விடையை இனிச் சொல்கிறேன்.

முதலில் இரட்டையரை ஆராய்ந்தார்கள். ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர் மரபணுவில் ஒத்தவர்கள். ஸ்வீடனில் 1988-இல் வெளியான ஆய்வில், ஒருவருக்கேனும் கிரோன் நோய் இருந்த அத்தகைய இரட்டையர் 18 இணைகளில் 8 இணைகளில் இருவருக்கும் நோய் இருந்தது. பெருங்குடல் புண் அழற்சியிலோ 16 இணைகளில் ஒன்றில் மட்டுமே இருவருக்கும் இருந்தது. மரபு மட்டுமே காரணமாயின் எல்லா இணைகளிலும் இருவருக்கும் வந்திருக்க வேண்டும். மரபே காரணம் இல்லையாயின் கிரோன் நோயில் இத்தனை இணைகள் ஒத்திரா. மரபின் பங்கு கிரோன் நோயில் மிகுதி, மற்றதில் குறைவு என்பது இதனால் விளங்கியது.

அடுத்து, எந்த மரபணு என்ற தேடல். பாரிசில் ஆய்ந்த ஹுகோ குழுவினர், நோயாளிகள் பலர் உள்ள குடும்பங்களை ஆராய்ந்து, பதினாறாம் குரோமோசோமில் ஓர் இடத்தை 1996-இல் சுட்டினர். அங்கே இருப்பது நாட்-2 என்னும் மரபணு என்பதை அக்குழுவும் அமெரிக்கக் குழு ஒன்றும் 2001-இல் ஒரே சமயத்தில் கண்டறிந்தன. பாக்டீரியாவின் உறைச்சுவரில் உள்ள ஒரு துணுக்கை அடையாளம் கண்டு உடலுக்கு எச்சரிக்கை தரும் புரதத்தை நாட்-2 உருவாக்குகிறது. வீட்டு வாயிற்காவலர் போன்றது அப்புரதம். காவலருக்குப் பார்வை மங்கினால், வருபவர் விருந்தினரா திருடரா என்று தெரியாமல் பிற்பாடு பெருங்குழப்பம் மூளுகிறது. நம் குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. பெரும்பாலானவை நமக்கு நன்மை செய்பவை. அவற்றோடு அமைதியாக வாழ வேண்டிய நோய் எதிர்ப்பாற்றல், ஓயாது போரிட்டு, தன் குடலையே புண்ணாக்கிக்கொள்வதுதான் இந்நோயின் உள்ளியக்கம்.

மாற்றமடைந்த நாட்-2 ஒரு பிரதியைப் பெற்றவருக்குக் கிரோன் நோய் வரும் வாய்ப்பு சில மடங்கு கூடுகிறது. இரு பிரதிகளையும் பெற்றவருக்குப் பன்மடங்கு கூடுகிறது. அப்படி இருந்தும், அம்மாற்றத்தைச் சுமப்பவர்களுள் மிகப் பெரும்பாலோர்க்கு வாழ்நாள் முழுவதும் நோய் வருவதே இல்லை. இச்செய்தியைத் தாய்மார்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

இதில் நம் மண்ணுக்குரிய செய்தி ஒன்றும் உண்டு. ஐரோப்பியரிடம் காணப்பட்ட அந்த மூன்று நாட்-2 மாற்றங்களையும் வேலூர் ஆய்வாளர்கள் இந்தியக் கிரோன் நோயாளிகளிடம் தேடினார்கள். அவை காணப்படவில்லை என்று 2008-இல் எழுதினார்கள். சப்பானியரிடமும் சீனரிடமும் நிலை அதுவே. ஆக, ஒரே நோய்க்கு வெவ்வேறு மக்களிடம் வெவ்வேறு மரபணுக்கள் வழிவிடுகின்றன. மேலை நாட்டில் பயன்படும் மரபணுப் பரிசோதனையை இங்கே அப்படியே செய்து நோயை முன்கூட்டிச் சொல்லிவிட முடியாது. விளம்பரங்களை நம்பி அத்தகைய பரிசோதனைக்குப் பணம் செலவிட விழைவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

2006-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வியப்பான ஒன்றைக் கண்டார்கள். இன்டர்லூகின்-23 என்பது அழற்சியைத் தூண்டும் செய்தியை உயிரணுக்களுக்கு எடுத்துச் செல்லும் தூதன். அத்தூதனை ஏற்கும் வாங்கியின் மரபணுவில் ஓர் அரிய மாற்றம் உடையவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு, பிறரைவிட மிகவும் குறைந்திருந்தது. இயற்கை சிலருக்குப் பிறப்பிலேயே காப்பு அளித்திருந்தது என்று பொருள். அந்த மாற்றம் உடலில் செய்வதை ஒரு மருந்தால் செய்ய முடியுமா என்று கேட்டார்கள். முடியும் என்பதை இன்று வழக்கில் உள்ள இன்டர்லூகின்-23 தடுப்பு மருந்துகள் காட்டியுள்ளன.

2012-இல் பல நாட்டு ஆய்வாளர்கள் ஒன்றுகூடி, நோயாளிகளும் நலமுடையோருமாக எழுபத்தைந்தாயிரம் பேரின் மரபணுக்களை ஒப்பிட்டு, நோயோடு தொடர்புடைய இடங்கள் 163 என்று அறிவித்தனர். அவற்றுள் 110 இருவகை நோய்க்கும் பொது. பின்னர் அவ்வெண்ணிக்கை இருநூற்றைக் கடந்துவிட்டது. அவற்றுள் பல, காசநோய், தொழுநோய்க் கிருமிகளின் இனத்தை எதிர்க்கும் ஆற்றலோடு தொடர்புடையவை. முன்னோரைக் கொள்ளை நோய்களிலிருந்து காத்த எதிர்ப்பாற்றலே இன்று வேறு சூழலில் அளவு மீறுகிறதோ என்று அறிஞர் எண்ணுகின்றனர். எனினும் இத்தனை இடங்களும் சேர்ந்து நோய்க்கான காரணத்தில் ஒரு சிறு பகுதியையே விளக்குகின்றன. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறிது.

இந்த இடங்கள் பலவற்றில் மரபணுவே இராது. வெற்றுநிலம் போலத் தோன்றும். இருபத்தோராம் குரோமோசோமில் உள்ள அத்தகைய ஓர் இடம் என்ன செய்கிறது என்று லண்டனின் பிரான்சிஸ் கிரிக் ஆய்வு நிறுவனத்தார் பல ஆண்டுகள் ஆராய்ந்து 2024-இல் விடை கண்டனர். அது தொலைவில் உள்ள ஈ.டி.எஸ்.-2 என்னும் மரபணுவை முடுக்கிவிடும் விசை. அந்த விசை மேக்ரோபேஜ் எனப்படும் வெள்ளணுக்களின் அழற்சிச் செயல்களை ஏவுகிறது. அதனை அடக்கும் வழிகளை இப்போது தேடுகிறார்கள்.

ஒரே மரபணுவால் வரும் அரிய வகை

இதுவரை சொன்னது பலருக்கும் வரும் பொதுவகை. பிறந்து சில மாதங்களிலோ, முதல் சில ஆண்டுகளிலோ கடுமையாக வரும் அரிய வகை ஒன்று உண்டு. அதில் சில குழந்தைகளுக்கு ஒரே மரபணுவின் பழுதே காரணம்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துச் சிறுவன் ஒருவனுக்கு இரண்டு வயதில் குடல் புண்கள் தோன்றின. உண்ட உணவு புண்களின் வழியே வெளியேறியது. அறுவை அரங்குக்கு நூறு முறைக்கு மேல் கொண்டு செல்லப்பட்டான். எந்த மருந்தும் பயன் தரவில்லை. இறுதியில் மருத்துவர்கள் அவனுடைய மரபணுக்களில் புரதங்களுக்குரிய பகுதி முழுவதையும் படித்துப் பார்க்கத் துணிந்தார்கள். பல்லாயிரம் வேறுபாடுகளுக்கு இடையே, எக்ஸ் குரோமோசோமில் எக்ஸ்.ஐ.ஏ.பி. என்னும் மரபணுவில் ஓர் எழுத்துப் பிழை இருப்பதைக் கண்டார்கள். ஒரே எழுத்து! மெய்ப்புத் திருத்தும் வேலையில் ஆயுளைக் கழித்த எனக்கு அதைப் படித்தபோது உடல் சிலிர்த்தது. 2010-இல் பிறிதொரு குழந்தையின் தொப்புள்கொடிக் குருதியிலிருந்து பெற்ற உயிரணுக்களை அவனுக்குச் செலுத்தினார்கள். குடல் நோய் அடங்கியது. சிறுவன் உணவை வாயால் உண்டான். அச்செய்தியை எழுதிய மில்வாக்கி நாளிதழாளர்கள் 2011-இல் புலிட்சர் பரிசு பெற்றார்கள்.

மற்றொன்று நம் குடும்பங்கள் கருத்தூன்றிக் கேட்க வேண்டியது. அழற்சியைத் தணிக்கும் இன்டர்லூகின்-10 என்னும் தூதனை ஏற்கும் வாங்கி பழுதுபட்டால், கைக்குழந்தையிலேயே கொடிய குடல் நோய் வரும் என்பதை ஜெர்மனியை மையமாகக் கொண்ட குழு 2009-இல் கண்டது. அக்குழந்தைகள் நெருங்கிய உறவில் மணந்த பெற்றோருக்குப் பிறந்தவர்கள். தந்தையிடம் ஒரு பழுதுப் பிரதி, தாயிடம் அதே பழுதுப் பிரதி. இருவரும் நலமாகவே இருப்பர். இரண்டும் ஒரு குழந்தையிடம் சேரும்போது நோய் வெளிப்படும்.

நம் சமூகம் சிறியது. மாமன் மகள், அத்தை மகன் என்று கொண்டு கொடுத்து வாழ்ந்த மரபு நம்முடையது. அதனை இகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. நானும் அத்தை மகனை மணந்தவள்தான். ஆனால் ஒரு குடும்பத்தில் கைக்குழந்தை காரணம் தெரியாத தீராத வயிற்றுப்போக்கால் இறந்திருந்தால், அக்குடும்பத்துக்குள் மீண்டும் உறவு மணம் பேசும் முன் மரபணு ஆலோசகரை அணுகுவது அறிவுடைமை. ஆயிரம் பொருத்தம் பார்க்கும் நாம் இதனையும் பார்க்கலாம்.

மருத்துவம் வளர்ந்த வழி

நோயின் முதல் மருந்து வேறு நோய்க்காகப் பிறந்தது. ஸ்டாக்ஹோமில் நன்னா ஸ்வார்ட்ஸ் என்னும் பெண் மருத்துவப் பேராசிரியர் மூட்டுவாத நோயாளிகளுக்காக 1930-களின் இறுதியில் சல்பாசலசீனை உருவாக்கச் செய்தார். கொடுத்துப் பார்த்தபோது பெருங்குடல் புண் உடையவர்கள் நலம் பெற்றனர். அம்மருந்தின் இரு கூறுகளுள் எது குணம் தருகிறது என்பதை ஆக்ஸ்போர்டில் பணிபுரிந்த வங்காளதேச மருத்துவர் ஆசாத் கான் தம் தோழர்களுடன் 1977-இல் எளிய சோதனையால் காட்டினார். கூறுகளைத் தனித்தனியே எனிமாவாகக் கொடுத்துப் பார்த்தார். அதன் பயனே இன்று பலரும் உண்ணும் மெசலமின் மாத்திரை.

கடும் நோய்க்கு ஸ்டீராய்டு வந்தது. ட்ரூலவ், விட்ஸ் என்னும் ஆக்ஸ்போர்டு மருத்துவர்கள் 210 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கார்டிசோனும் மற்றதற்கு மருந்தற்ற மாத்திரையும் கொடுத்து 1955-இல் முடிவை வெளியிட்டனர். மருந்து பெற்றோரில் நூற்றுக்கு 41 பேர் நலம் பெற, மற்றோரில் 16 பேரே நலம் பெற்றனர். அது பல உயிர்களைக் காத்தது. ஆனால் ஸ்டீராய்டு தீயணைக்கும் வண்டி; அதனை வாசலிலேயே நிறுத்திவைத்து வாழ முடியாது. எலும்பு தேயும், சர்க்கரை கூடும், முகம் வீங்கும். மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைத்தே நிறுத்த வேண்டும். திடீரென நிறுத்துவதும் தீங்கு.

நலத்தை நீட்டிக்க அசத்தியோபிரின் பயன்படுகிறது. இங்கு மரபணு ஆய்வு நேரடியாக நமக்கு உதவுகிறது. சிலருக்கு அம்மருந்தால் வெள்ளணுக்கள் அபாயகரமாகக் குறையும். நூட்-15 என்னும் மரபணுவின் மாற்றமே அதற்குக் காரணமாவதைக் கொரிய ஆய்வாளர்கள் 2014-இல் கண்டார்கள். அம்மாற்றம் இந்தியரிடமும் காணப்படுகிறது. மருந்தைத் தொடங்குமுன் ஒரு குருதிப் பரிசோதனையால் அதை அறியலாம். நோய் வருமா என்று சொல்லும் மரபணுப் பரிசோதனை நமக்கு இன்று பயன் தராது. இந்த மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளுமா என்று சொல்லும் பரிசோதனையோ பயன் தரும்.

பெரிய திருப்பம் 1990-களில் நிகழ்ந்தது. அழற்சியைப் பெருக்கும் டி.என்.எப். என்னும் புரதத்தைப் பிடித்து அடக்கும் இன்ஃப்ளிக்சிமாப் என்னும் எதிர்ப்புரதம் உருவானது. 1997-இல் வெளியான ஆய்வில், உரிய அளவு மருந்தை ஒரே முறை பெற்ற கிரோன் நோயாளிகளில் நூற்றுக்கு 81 பேர் நான்கு வாரத்தில் தேறினர். மருந்தற்ற ஊசி பெற்றோரில் 17 பேரே தேறினர். 1998-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. பிறகு அடலிமுமாப், வெடோலிசுமாப், உஸ்டெகினுமாப், மாத்திரையாக உண்ணும் டோஃபாசிடினிப் எனப் பல மருந்துகள் வந்துள்ளன. விலை மிகுதி என்பது உண்மை. 2014-இன் இறுதியில் இந்திய நிறுவனம் ஒன்று அடலிமுமாப் மருந்துக்கு இணையானதைக் குறைந்த விலையில் வெளியிட்டது முதல் நம்மவர்க்கும் ஓரளவு எட்டும் நிலை உண்டாயிற்று.

இம்மருந்துகளில் ஓர் எச்சரிக்கை நம் நாட்டவர்க்கு மிக முக்கியம். டி.என்.எப். என்பது உடலுக்குள் உறங்கும் காசநோய்க் கிருமியைச் சிறை வைத்திருக்கும் காவலும்கூட. இன்ஃப்ளிக்சிமாப் பெற்றவர்களுள் 70 பேருக்குக் காசநோய் வெளிப்பட்டதை 2001-இல் ஓர் ஆய்வு தொகுத்துச் சொன்னது. ஆகவே ஊசி தொடங்குமுன் மறைந்துள்ள காசநோய்க்குப் பரிசோதனை கட்டாயம். மேலும், குடலில் வரும் காசநோயும் கிரோன் நோயும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். காசநோய்க்கு ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் கேடு; கிரோன் நோய்க்குக் காசநோய் மருந்தையே நீட்டித்தாலும் காலம் வீணாகும். மருத்துவர் மீண்டும் கொலோனாஸ்கோப்பி வேண்டும் என்று சொன்னால், பணம் பறிக்கும் சூழ்ச்சி என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள்.

மருந்துக்கு அடங்காத நிலையில் அறுவை மருத்துவம் உண்டு. பெருங்குடல் புண் அழற்சி நெடுநாள் நீடித்தால் புற்றுநோய் வாய்ப்புக் கூடும். ஆகையால் நோய் தொடங்கி எட்டு ஆண்டுகள் கடந்தபின் குறித்த கால இடைவெளியில் குடற்பரிசோதனை செய்துகொள்ள அறிவுறுத்துகிறார்கள்.

உணவும் நோன்பும்

நம் உணவுமுறை பற்றிப் பலர் கேட்பீர்கள். சைவ உணவு உண்போருக்கு இந்நோய் வராது என்பது உண்மையன்று. எங்கள் வீடே சான்று. பிள்ளைகளின் கிரோன் நோயில், சில வாரங்கள் மருத்துவர் வகுத்த திரவ ஊட்டம் ஒன்றையே கொடுத்து நோயைத் தணிக்கும் முறை உண்டு. புகைபிடித்தல் கிரோன் நோயை மோசமாக்கும். இவற்றைத் தவிர எல்லோர்க்கும் பொதுவான பத்தியம் ஒன்றுமில்லை. ஒவ்வொரு காய்கறியாகத் தள்ளித் தள்ளி, தயிர்ச் சோறு மட்டுமே உண்டு மெலிந்தவர்களை நான் அறிவேன். சைவ உணவினர் இரும்புச்சத்து, வைட்டமின் பி-12 அளவுகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சிறுகுடலின் கடைப்பகுதி நோயுற்றால் பி-12 உறிஞ்சப்படுவது குறையும்.

பர்வ நாள்களில் உபவாசம் இருக்க விரும்பும் நோயாளிகள், நோய் அடங்கிய காலத்தில் மருத்துவரைக் கேட்டே இருக்க வேண்டும். நோய் மூண்டிருக்கும்போது இருத்தல் கூடாது. பொழுது சாய்ந்தபின் உண்ணாத நோன்பினர், மாத்திரை வேளைகளைப் பகலுக்குள் அமைத்துத் தருமாறு மருத்துவரிடம் கேட்கலாம். பலருக்கு அமைத்துத் தருகிறார்கள். பதினாறு பாவனைகளில் தியாகத்தையும் தவத்தையும் ஆற்றலுக்கேற்ப என்றே நம் முன்னோர் வகுத்தனர். நோயுற்ற பிள்ளையை, "ஒரு நாள் உபவாசம்கூட இருக்க மாட்டாயா?" என்று கேட்டு நோகச் செய்வது அந்த அளவீட்டை மறந்த பேச்சாகும்.

நான் செய்த பிழை

என் தம்பி மகள் மருந்தால் ஓராண்டில் தேறினாள். இரத்தம் நின்றது, எடை கூடியது, கல்லூரியில் சேர்ந்தாள். விடுமுறையில் என் வீட்டுக்கு வந்திருந்தபோது, "அத்தை, மாத்திரை தீர்ந்துபோச்சு, வாங்கணும்" என்றாள். "நல்லாத்தானே இருக்கே? இந்த வயசிலே எத்தனை நாளைக்கு மாத்திரை? கொஞ்ச நாள் விட்டுத்தான் பாரேன்" என்று சொன்னவள் நான். படித்தவள், ஆசிரியை, மூத்தவள் என்பதால் என் சொல்லை அவள் தட்டவில்லை. நான்கு மாதத்தில் நோய் முன்னிலும் கடுமையாகத் திரும்பியது. பதினெட்டு நாள் மருத்துவமனையில் கிடந்தாள்; நான்கு பாட்டில் இரத்தம் ஏற்றினார்கள். பெருங்குடலை எடுத்துவிட வேண்டிவரும் என்று ஒருநாள் சொன்னார்கள். நல்வாய்ப்பாக ஸ்டீராய்டு கேட்டது. அந்தப் பருவத் தேர்வை அவள் எழுதவில்லை. என்னை அவள் ஒரு சொல்லும் குறை கூறவில்லை. அதுவே எனக்கு மிகுந்த தண்டனை.

நோய் அடங்கியிருப்பது மருந்தால்தான். குடல் உள்ளே முழுதும் ஆறியதா என்பதை மலப் பரிசோதனையும் கொலோனாஸ்கோப்பியும்தான் சொல்லும். நம் கண்ணுக்குத் தெரியாது. மருந்தைக் குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் பொறுப்பு. அன்பினால் சொன்ன சொல்லாயினும், அறியாமல் சொன்னால் அது தீங்கே செய்யும் என்று நான் அப்போது கற்றேன்.

திருமணப் பேச்சு வந்தபோது, மறைத்துவிடலாம் என்று உறவினர் பலர் சொன்னார்கள். அவள் மறுத்துவிட்டாள். முதலில் வந்த வீட்டார் நோயைச் சொன்னதும் மறுநாள் தொலைபேசியில் வேண்டாம் என்றார்கள். அடுத்து வந்த வீட்டார், "பிள்ளைகளுக்கு வருமா?" என்று கேட்டார்கள். அவர்களை மருத்துவரிடமே அழைத்துச் சென்றோம். பெற்றோருள் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றில் சிலருக்கு மட்டுமே என்றும், மிகப் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வராது என்றும், இருவருக்கும் இருந்தால் மட்டுமே வாய்ப்புக் கணிசமாகக் கூடும் என்றும் அவர் விளக்கினார். நோய் அடங்கியிருக்கும் காலத்தில் கருத்தரிப்பது நல்லது, மெதோட்ரெக்ஸேட் போன்ற சில மருந்துகளை முன்பே நிறுத்த வேண்டும், மற்ற மருந்துகள் பலவற்றைத் தொடரலாம் என்றும் சொன்னார். அந்த வீட்டுப் பெரியவர் வெளியே வந்து, "எங்க வீட்டிலே மூணு பேருக்குச் சர்க்கரை. நாங்க அதைச் சொல்லாமதானே வந்தோம்?" என்று சொல்லிச் சிரித்தார். திருமணம் நடந்தது.

அன்பர்களே, என் வேண்டுகோள் மிக எளியவை. மலத்தில் இரத்தம் கண்டால் பிள்ளைகள் கூச்சமின்றி உங்களிடம் சொல்லும் வகையில் அவர்களோடு பழகுங்கள். மூலம் என்று நீங்களே முடிவு செய்யாமல் குடல்நோய் மருத்துவரைக் காணுங்கள். நலமானதும் மருந்தை நிறுத்தச் சொல்லும் அத்தைமார் சொல்லைக் கேளாதீர்கள். பெண்ணோ பிள்ளையோ, நோயைச் சொல்லிச் சம்பந்தம் பேசுங்கள், சொல்லியவர்களைத் தண்டிக்காதீர்கள். இதனை யாருடைய குற்றமாகவும் பேசாதீர்கள். இருநூறுக்கும் மேற்பட்ட மரபணு இடங்களும், குடல்வாழ் நுண்ணுயிர்களும், வாழும் சூழலும் கூடி விளையும் ஒன்றுக்கு எந்தத் தாயின் வயிற்றையும் பழிப்பது நீதியாகாது.

இவ்வளவையும் என் தம்பி மகளின் அனுமதியோடுதான் பேசினேன். அவள் இன்று தன் இரு பிள்ளைகளோடு மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறாள். கூட்டம் முடிந்ததும் ஐயம் உடையவர்கள் அவளிடமே கேட்கலாம் என்று சொல்லச் சொன்னாள். ஆனால் ஏழு மணி மாத்திரைக்கு அவள் சற்று எழுந்து போவாள்; காத்திருங்கள்.